முகத்துவார நகரில் ஒரு பகல்

உரோமைக்குத் திருப்பயணம் மேற்கொள்வோர் பெருங்கோவில்கள் நான்கையும் தரிசித்து, திருக்கதவுகளைக் கடந்து, திருத்தூதர்களின் கல்லறைகளில் மன்றாடிவிட்டு ஊர் திரும்புவது வழக்கம். 2025-ஆம் ஆண்டு யூபிலியின்போது, அக்டோபர் மாதத்தில், நாங்களும் அவ்வாறே செய்தோம். ஆயினும் புறப்பாட்டிற்கு முன் ஒரு நாள் எங்கள் கையில் எஞ்சியது. எழுபத்தாறு வயது நிறைந்த எங்கள் அன்னை, கனடாவிலிருந்து வந்து எங்களோடு சேர்ந்துகொண்ட தம்பி, பள்ளியில் பயிலும் எங்கள் மகன், மகள், நாங்கள் இருவர் என அறுவராக, பண்டை உரோமையரின் துறைமுக நகராகிய ஒஸ்தியாவில் அந்த நாளைக் கழித்தோம்.

அந்த நாளோடு, முடிவு காணாத ஒரு வினாவும் எங்களிடம் எஞ்சியிருந்தது. எங்கள் தந்தை மறைந்து பதினோர் ஆண்டுகள் ஆகின்றன. கடற்கரைச் சிற்றூர் ஒன்றில், கோவிலுக்குப் பின்னே உள்ள கல்லறைத் தோட்டத்தில் அவர் துயில்கிறார். அவர் அருகே அன்னைக்கென ஓர் இடம் ஒதுக்கி வைக்கப்பட்டுள்ளது. நாங்கள் சென்னையில், தம்பி கனடாவில், அன்னையோ ஊரில் தனியே. அவரைத் தன்னோடு அழைத்துச் செல்லத் தம்பி மூன்று ஆண்டுகளாக வேண்டி வருகிறான். ஒவ்வொரு முறையும் அன்னை கூறும் மறுமொழி ஒன்றே: "உங்கள் அப்பா பக்கத்தில் எனக்கு இடம் இருக்கிறது. கடலுக்கு அப்பால் போய் என் உயிர் பிரிந்தால் அந்த இடம் யாருக்கு?" இந்தப் பயணத்திலாவது அன்னையின் மனத்தை மாற்றிவிட வேண்டும் என்பது தம்பியின் எண்ணம். உரோமையில் இருந்த நாள்களில் அந்தப் பேச்சு பலமுறை எழுந்து, பலமுறை பாதியில் நின்றது.

புனித பவுல் வாயிலருகே, கேஸ்தியு என்னும் உரோமைப் பெருங்குடியாளரின் கல்லறையாகிய பிரமிடுக்கு எதிரில், கடற்கரை நோக்கிச் செல்லும் ரயில் புறப்படுகிறது. அரைமணி நேரப் பயணம். ஊரின் பெயரைக் கேட்டதும் அன்னை வியந்து, "ஓஸ்தி என்று ஓர் ஊரா?" என்றார். நற்கருணை அப்பத்தை ஓஸ்தி என்றே சொல்லிப் பழகிய தலைமுறை அவருடையது. பலிப்பொருள் என்னும் பொருள்தரும் இலத்தீன் சொல்லிலிருந்து ஓஸ்தி வந்தது. ஒஸ்தியாவோ வாய், வாயில் என்னும் பொருள்தரும் வேறொரு சொல்லின் வழிவந்தது. டைபர் ஆறு கடலில் கலக்கும் வாய் ஆதலின் அவ்வூர் அப்பெயர் பெற்றது என விளக்கினோம். "அப்படியானால் பொழிமுகம் என்று சொல்லுங்கள்" என்றார் அன்னை. அவர் பிறந்ததும் ஒரு பொழிமுகத்தின் அருகேதான்.

உள்ளே நுழைவோரை முதலில் எதிர்கொள்பவை கல்லறைகளே. நகர எல்லைக்குள் இறந்தோரை அடக்கம் செய்தலாகாது என்பது உரோமையரின் பழஞ்சட்டம். ஆகவே உரோமை வாயிலுக்கு வெளியே, சாலையின் ஓரமாகக் கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. எரித்த சாம்பலைக் கலத்திலிட்டு வைப்பதற்காகச் சுவர்களில் புறாக்கூடுகளைப் போன்ற சிறு மாடங்கள் குடையப்பட்டுள்ளன. அன்னை அவற்றை நெடுநேரம் நோக்கி நின்றார். "இவர்களெல்லாம் இந்த ஊர்க்காரர்களா?" என்று கேட்டார். துறைமுகம் ஆதலால் பல நாட்டினரும் இங்கு வந்து வாழ்ந்து மடிந்தார்கள் என்றோம். தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டான்.

வாயிலைக் கடந்ததும் நகரின் நெடுந்தெரு தொடங்குகிறது. கருங்கல் பாவிய அத்தெருவில் வண்டிச் சக்கரங்கள் உருண்டு உருண்டு பதித்த தடங்கள் இன்றும் தெரிகின்றன. இருமருங்கும் குடை விரித்தாற்போன்ற பைன் மரங்கள். உரோமையின் நான்காம் மன்னர் அங்குஸ் மார்சியு இந்நகரை நிறுவினார் என்பது மரபு. மண்ணைத் தோண்டியோர் கண்ட மிகப் பழைய கோட்டைச் சுவரோ கி.மு. 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. உரோமை மக்களுக்கு உணவளித்த வாயில் இது. எகிப்திலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் கோதுமை ஏற்றிய கப்பல்கள் இக்கடலுக்கே வந்தன. ஆனால் ஆறு கொணர்ந்து குவித்த மணலால் பெருங்கப்பல்கள் ஆற்றுக்குள் நுழைய முடியவில்லை. கடலிலேயே நங்கூரமிட்டு, சிறு படகுகளில் சரக்கை மாற்ற வேண்டியிருந்தது. இதைச் சொன்னதும் அன்னைக்கு முகம் மலர்ந்தது. முற்காலத்தில் தூத்துக்குடியிலும் கப்பல்கள் தொலைவில் நிற்க, தோணிகள் சென்று சரக்கு இறக்கியதைத் தம் தந்தையார் சொல்லக் கேட்டவர் அவர். இக்குறையைப் போக்கவே பேரரசர் கிளாவுதியு கி.பி. 42-இல் சற்று வடக்கே புதிய துறைமுகம் ஒன்றைத் தொடங்கினார். பின்னர் திராயான் அறுகோண வடிவில் உள்துறை ஒன்றை அமைத்தார். வாணிபம் பெருகியது, ஒஸ்தியாவும் பெருகியது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ 50,000 மக்கள் இங்கு வாழ்ந்திருக்கலாம் எனக் கணிக்கின்றனர்.

பிள்ளைகள் எங்களுக்கு முன்னே ஓடினார்கள். நெப்டியூன் குளியலகத்தின் தரையில், கடல் தெய்வம் நான்கு கடற்குதிரைகளைப் பூட்டி விரைவதைக் கருப்பு வெள்ளைக் கற்சில்லுகளால் இழைத்திருக்கிறார்கள். மேடைமீது ஏறி நின்று அதைக் கண்ட மகள், குளிக்கும் இடத்துக்கு இத்தனை அழகா என்று வியந்தாள். அடுத்து, தீயணைப்புப் படையினர் தங்கிய பாசறை. அதனையடுத்து அரங்கம். அரங்கத்துக்குப் பின்னே உள்ள சதுக்கமே எங்களை நெடுநேரம் நிறுத்தியது. அதைச் சுற்றிலும் சுமார் அறுபது சிறு அறைகள்; பெரும்பாலும் கடல்வணிகர்களின் அலுவலகங்கள். ஒவ்வொன்றின் முன்னும் தரையில் அவரவர் தொழிலையும் ஊரையும் கற்சில்லுகளால் எழுதியும் வரைந்தும் வைத்திருக்கிறார்கள். பாய்விரித்த கப்பல்கள், கலங்கரை விளக்கம், துள்ளும் ஓங்கில்கள். இன்றைய லிபியாவில் உள்ள சப்ராத்தா நகரத்தாரின் அறைமுன் ஒரு யானை. கார்த்தேஜ் நகரக் கப்பல் உரிமையாளர்களுக்கும் ஓர் அறை இருக்கிறது.

"நம் ஊர்க் கப்பல் இல்லையா?" என்றான் மகன். நம் பக்கத்துக் கப்பல்கள் இங்கு வரவில்லை; ஆனால் சரக்கு வந்தது. முசிறியில் ஏற்றிய மிளகு செங்கடல் வழியாக எகிப்தை அடைந்து, அலெக்சாந்திரியாவில் வேறு கப்பல் ஏறி இத்தாலி சேர்ந்தது. பேரரசர் தொமீசியான் மிளகுக்கென்றே உரோமையில் தனிப் பண்டகசாலை கட்டினார். புனித பவுல் இங்குதான் வந்து இறங்கினாரா என்பது அவன் அடுத்த வினா. இல்லை, அவர் கரையேறியது தெற்கே உள்ள புத்தயோலியில். அங்கிருந்து அப்பியாச் சாலை வழியே அவர் உரோமைக்கு வந்ததையும், மூன்று விடுதி என்னும் இடம்வரை சகோதரர்கள் எதிர்கொண்டு வந்ததையும் திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது.

கழுதைகள் சுற்றிச்சுற்றி இழுத்த மாவரைக்கும் ஆலைகள், மாடி மேல் மாடியாக எழுந்த குடியிருப்புகள், பளிங்குத் திண்ணையும் சுவரில் உணவுப்பண்டங்களின் ஓவியமும் உள்ள உணவுக்கடை, எப்பகாத்து, எப்பபுரோதித்து என்னும் இரு முன்னாள் அடிமைகள் செங்கல்லால் எழுப்பித் தம் பெயர் பொறித்த பண்டகசாலை, ஒரே நீண்ட பலகைக்கல்லில் துளையிட்டு அமைத்த பொதுக் கழிப்பிடம் ஆகியவற்றையெல்லாம் பிள்ளைகள் தத்தம் விருப்பம்போல் பார்த்துச் சிரித்தார்கள். அரண்மனைகளும் வெற்றி வளைவுகளும் உரோமையில் நம்மை அண்ணாந்து பார்க்க வைக்கின்றன. இங்கோ மாவரைத்தவர், சரக்குச் சுமந்தவர், வாடகை கொடுத்தவர் ஆகியோரின் வீட்டு வாசலில் நாம் நிற்கிறோம்.

மதிய உணவை ஒரு மரநிழலில் அமர்ந்து உண்டோம். அப்போது பிள்ளைகளுக்கு ஒரு பழைய செய்தியைச் சொன்னோம். 2-ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ வாழ்ந்த மினூசியு பெலிக்ஸ் என்னும் கிறிஸ்தவ வழக்கறிஞர் 'ஒக்தாவியு' என்றொரு நூல் எழுதினார். விடுமுறைக் காலத்தில் மூன்று நண்பர்கள் ஒஸ்தியாக் கடற்கரையில் உலவுகிறார்கள். சிறுவர் சிலர் அங்கே ஓட்டுச் சில்லுகளை எறிந்து, அவை அலைமேல் தத்தித் தத்திச் செல்வதை எண்ணிப் போட்டியிடுகிறார்கள். அதைப் பார்த்தவாறே நண்பர்கள் நம்பிக்கையைப் பற்றிய உரையாடலைத் தொடங்குகிறார்கள். முடிவில், கிறிஸ்தவத்தை எதிர்த்தவர் அதை ஏற்கிறார். அந்தக் கரை எங்கே என்றாள் மகள். ஆறு குவித்த வண்டலால் கடல் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் அப்பால் போய்விட்டது. 1557-ஆம் ஆண்டு வெள்ளத்திற்குப்பின் ஆறும் தன் வழியை மாற்றிக்கொண்டது. துறைமுக நகரம் இன்று புல்வெளியில் நிற்கிறது.

பழைய கடற்கரையை ஒட்டிய பகுதியில் யூதர்களின் தொழுகைக்கூடம் ஒன்று இருக்கிறது. விமான நிலையத்துக்குச் சாலை அமைத்தபோது 1961-இல் வெளிப்பட்ட அது, மேற்கு ஐரோப்பாவில் கண்டெடுக்கப்பட்ட மிகப் பழைய தொழுகைக்கூடங்களுள் ஒன்று. அதன் கல்லில் ஏழு கிளை விளக்குத்தண்டு செதுக்கப்பட்டுள்ளது. நகரின் மற்றொரு பகுதியில், பேரரசர் கான்ஸ்தந்தீன் புனிதர்கள் பேதுரு, பவுல், திருமுழுக்கு யோவான் ஆகியோர் பெயரில் கட்டிய பெருங்கோவிலின் அடித்தளம் மண்ணுக்குள் கிடப்பதை 1996-இல் ஆய்வாளர் கண்டறிந்தனர். அக்கோவில் நின்றிருந்த காலத்தில்தான், கி.பி. 387-இல், ஆப்பிரிக்கக் குடும்பம் ஒன்று கப்பலுக்காக இந்நகரில் காத்திருந்தது. நாங்கள் ஒஸ்தியாவைத் தேர்ந்ததற்குக் காரணமே அக்குடும்பம்தான்.

புனித மோனிக்கா இன்றைய அல்ஜீரியாவில் உள்ள தகஸ்தே ஊரினர். மகன் அகுஸ்தினார் மனந்திரும்ப அவர் சிந்திய கண்ணீரை நாம் அறிவோம். ஆனால் அக்கண்ணீரில் ஒரு பங்கு துறைமுகத்தில் சிந்தியது என்பதை நாம் அதிகம் நினைப்பதில்லை. 383-இல் அகுஸ்தினார் இத்தாலிக்குப் புறப்பட்டபோது, தாயும் உடன்வர விரும்பிக் கரைவரை வந்தார். நண்பரை வழியனுப்பவே வந்ததாக மகன் பொய் சொன்னார். புனித சிப்ரியான் நினைவிடத்தில் தாய் இரவெல்லாம் மன்றாடிக்கொண்டிருக்க, மகன் கப்பலேறிவிட்டார். விடிந்ததும் கரையில் நின்று அழுத அந்தத் தாய், பின்னர் தாமே கடல் கடந்து மிலானுக்கு வந்து மகனைச் சேர்ந்தார். வரும் வழியில் புயல் எழுந்தபோது, மாலுமிகளுக்கு அவரே ஆறுதல் கூறினாராம்.

387-ஆம் ஆண்டு பாஸ்கா திருவிழிப்பில் புனித அம்புரோசியாரின் கையால் அகுஸ்தினார் திருமுழுக்குப் பெற்றார். பிறகு தாய், உடன்பிறந்தார் நவீகியு, பதின்வயது மகன் அதெயோதாத்து, நண்பர்கள் ஆகியோருடன் தாயகம் திரும்ப ஒஸ்தியா வந்தார். ஒரு நாள் தாயும் மகனும் தோட்டத்தை நோக்கிய சாளரத்தருகே நின்று, புனிதர்களின் நிலைவாழ்வு எத்தகையது எனப் பேசிக்கொண்டிருந்தனர். பேச்சு உயர்ந்து உயர்ந்து, ஒரு நொடி அவ்வாழ்வையே தொட்டு மீண்டதாக அகுஸ்தினார் தம் தன்வரலாற்று நூலின் ஒன்பதாம் பகுதியில் எழுதுகிறார். ஏறத்தாழ ஐந்து நாள்களில் மோனிக்கா காய்ச்சலில் விழுந்தார். ஒன்பதாம் நாள் உயிர் நீத்தார். அவருக்கு வயது 56.

இந்த இடத்தில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மோனிக்காவும் தம் கணவர் பத்ரீசியுவின் கல்லறையருகே தமக்கென ஓர் இடத்தை ஆயத்தம் செய்து வைத்திருந்தார். கடல் கடந்து சென்றாலும், மீண்டுவந்து கணவரோடு ஒரே மண்ணில் துயில வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஆகவேதான், அந்நிய மண்ணில் அன்றி ஊரிலே இறந்தால் நலமாயிருக்குமே என்று நவீகியு வருந்தினார். தாயோ அவரைக் கடிந்து நோக்கினார். இவ்வுடலை எங்கேனும் அடக்கம் செய்யுங்கள், அதைக் குறித்துக் கவலை வேண்டாம், எங்கிருந்தாலும் ஆண்டவரின் பீடத்தில் என்னை நினைவுகூருங்கள் என்பதே அவர் கேட்டது. ஊரை விட்டுத் தொலைவில் கிடக்க அச்சமில்லையா என்று அகுஸ்தினாரின் நண்பர்கள் முன்னரே கேட்டபோது, கடவுளுக்குத் தொலைவு என ஏதுமில்லை என்றும், உலக முடிவில் எங்கிருந்து தம்மை எழுப்ப வேண்டும் என்பது அவருக்குத் தெரியும் என்றும் விடை பகர்ந்திருந்தார்.

அடக்கத்தின்போது அகுஸ்தினார் அழவில்லை. பேரன் அதெயோதாத்து கதறியபோது பெரியவர்கள் அடக்கினார்கள். குளித்தால் துயர் அகலும் என்று கேட்டிருந்த அகுஸ்தினார் குளியலகம் சென்றார், துயர் அகலவில்லை. உறங்கி எழுந்து, அம்புரோசியாரின் பாடல் ஒன்றை நினைத்தபின், படுக்கையில் தனிமையில் கண்ணீர் விட்டார். காலையில் கடற்குதிரைகளைக் கண்டு வியந்த எங்கள் மகள் இதைக் கேட்டதும், "குளித்தால் எப்படிப் போகும்?" என்று மெல்லக் கேட்டாள்.

அந்த வீடு எதுவென்று காட்ட இன்று ஒஸ்தியாவில் அடையாளம் ஏதுமில்லை. ஆனால் இடிபாடுகளுக்கு வெளியே, சாலைக்கு அப்பால், சிறு கோட்டையின் நிழலில் மறைசாட்சி புனித அவுரேயாவின் கோவில் இருக்கிறது. 1945-இல் அதன் அருகே விளையாட்டுக்காகக் கம்பம் நடக் குழி தோண்டிய இரு சிறுவர்கள், எழுத்துப் பொறித்த பளிங்குத் துண்டு ஒன்றைக் கண்டார்கள். பாஸ்ஸு என்னும் உரோமை உயர்குடியினர் மோனிக்காவின் கல்லறைக்கு எழுதிய பாடலின் பகுதி அது. இடைக்கால ஏட்டுப்படிகளில் மட்டுமே வாழ்ந்துவந்த அப்பாடலின் கல் அதுவரை எவர் கண்ணிலும் படவில்லை. கோவிலுக்குள் அத்துண்டு காக்கப்படுகிறது. மோனிக்காவின் திருப்பண்டங்கள் 1430-இல் திருத்தந்தை 5-ஆம் மார்ட்டின் காலத்தில் உரோமைக்குக் கொண்டு செல்லப்பட்டன. இன்று புனித அகுஸ்தினார் கோவிலில் உள்ளன. அகுஸ்தினாரின் உடல் இத்தாலியின் வடக்கே பவீயாவில். கணவர் பத்ரீசியு ஆப்பிரிக்க மண்ணில். ஒரே குடும்பத்தின் மூவர் மூன்று இடங்களில்.

அக்கோவிலின் முன்திண்ணையில் அமர்ந்து இவற்றையெல்லாம் அன்னைக்குச் சொன்னோம். தம்பிக்கு இதைவிடத் தக்க தருணம் வாய்க்குமா? "பார்த்தீர்களா அம்மா? மோனிக்காவே எங்கே புதைத்தாலும் சரி என்றுதான் சொல்லியிருக்கிறார்" என்றான். எங்களுக்கும் உள்ளூர அதே எண்ணந்தான். அன்னை சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சொன்னார், சரி. அப்போது அவர் பக்கத்தில் யார் இருந்தார்கள்?" என்றார். பிள்ளைகள் இருவரும், பேரனும் என்றோம்.

"அதுதான் மக்கா. என்னை எங்கே வைப்பீர்கள் என்பதைக் கடவுள் பார்த்துக்கொள்வார். நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்பதைச் சொல்லுங்கள்."

தம்பியும் நாங்களும் விடையின்றி அமர்ந்திருந்தோம். மூன்று ஆண்டுகளாக அன்னை ஒரு குழி மண்ணைப் பற்றிப் பேசுகிறார் என்றே எண்ணியிருந்தோம். கனடாவுக்கு வந்தாலும் பகலெல்லாம் பூட்டிய வீட்டில் தனிமைதான் என்பதை அவர் அறிவார். ஊரிலும் தனிமைதான் என்பதை நாங்கள் அறிவோம். சென்னை ஒன்றும் கடலுக்கு அப்பால் இல்லை. பிள்ளைகளைக் கேட்காமல் கல்லறையைக் கேட்டது, எங்களை நோகவைக்காத ஒரு தாயின் வழக்கம். மோனிக்கா விடுத்த ஒரே வேண்டுகோளையாவது நாங்கள் காத்தோமா என்றும் அப்போது எண்ணினோம். தந்தையின் நினைவு நாள் திருப்பலிக்கு நான்கு ஆண்டுகளாகப் பணம் அனுப்பினோம். நேரில் சென்று பீடத்தின் முன் நிற்கவில்லை. தம் நூலைப் படிப்போர் அனைவரும் தம் பெற்றோரான மோனிக்காவையும் பத்ரீசியுவையும் பீடத்தில் நினைவுகூர வேண்டும் என்று அகுஸ்தினார் கேட்டுக்கொள்கிறார். பதினாறு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அவ்வேண்டுகோள் நிறைவேறுகிறது. பெற்றோரை நினைக்க உலகையே அழைத்தவர் அவர். நாங்களோ ஒரு கடிதஉறையில் அதை முடித்துக்கொண்டோம்.

மாலை ரயிலில் அன்னை சாளரத்தருகே அமர்ந்து செபமாலை சொல்லிக்கொண்டு வந்தார். பிள்ளைகள் அவர் தோளில் சாய்ந்து உறங்கிவிட்டார்கள். மறுநாள் விமானநிலையம் செல்லுமுன் புனித அகுஸ்தினார் கோவிலில், மோனிக்காவின் பேழைமுன் ஆறு பேரும் முழந்தாளிட்டோம்.

அவ்வாண்டு நவம்பர் 2-ஆம் நாள், கல்லறைத் திருநாளன்று, நாங்கள் ஊருக்குச் சென்றோம். திருப்பலி முடிந்து, குருவானவர் கல்லறைகளை மந்திரித்தபின், தந்தையின் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றினோம். காற்று அணைக்க அணைக்கப் பிள்ளைகள் கைகுவித்து மறுபடி ஏற்றினார்கள். கனடாவில் தன் பங்குக் கோவிலில் அதே நாளில் தந்தையின் பெயரைத் திருப்பலியில் வாசிக்கச் செய்ததாகத் தம்பி அலைபேசியில் சொன்னான். அன்னை எங்கே வாழ்வார் என்பது இன்னும் முடிவாகவில்லை. கனடாவைப் பற்றி அவரிடம் இப்போது நாங்கள் பேசுவதில்லை. மாதம் ஒருமுறை ஊருக்குப் போகிறோம். அருகே உள்ள அந்த வெற்றிடத்தில் முளைத்திருந்த புல்லை அன்று அன்னை தம் கையாலேயே களைந்தார். நாங்களும் குனிந்து அவரோடு களைந்தோம்.